அப்பா காலத்துக்குப் பிறகு நிலம் யாருக்கு? உயிலும் பாகப்பிரிவினை வழக்கும்

மண்ணை வளமாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று இயற்கை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலதானிய விதைப்பு, மூடாக்கு, அமுதக்கரைசல், உயிர்வேலி என்று பத்து வருஷம் பாடுபட்டால்தான் மண்புழு தானாக வந்து சேரும். ஆனால் அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், “அப்பா பேர்லதாங்க இருக்கு, எங்களுக்குள்ள பிரச்சினை ஒண்ணும் இல்ல” என்பதுதான்.

அப்பா இருக்கும்வரை பிரச்சினை இருக்காது. அவர் போன பிறகு அண்ணன் தன் பங்கை விற்கணும் என்பார். தங்கை வீட்டுக்காரர் கேட்பார். திடீரென்று ஒரு உயில் வெளியே வரும். நாம் களைக்கொல்லி படாமல் காப்பாற்றிய வயல், ஒரே நாளில் குத்தகைக்காரர் கைக்குப் போய் மருந்து அடிக்கப்படும். அப்போது தாசில்தாரிடம் போனால், “வாரிசுகளுக்குள்ள தகராறு இருக்கு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க” என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

அந்த சிவில் கோர்ட்டுக்கு எப்படிப் போவது, எதைக் கொண்டுபோவது, போனால் என்ன கேட்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வக்கீல் வைக்காமல் வழக்கு நடத்துவதற்காக இதை எழுதவில்லை. வக்கீலிடம் போய் உட்காரும்போது நம் கையில் என்ன இருக்கணும், நாம் என்ன கேட்கணும் என்று தெரிந்திருப்பதற்காகத்தான்.

முதலில் நம் பங்கு எவ்வளவு?

வழக்கு போடும் முன் இந்தக் கணக்கு தெரியணும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து முதல்வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லாரும் முதல்வகுப்பு வாரிசுகள். மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால் அவர்கள் பிள்ளைகள் அந்தப் பங்கை எடுத்துக்கொள்வார்கள். மகனுடைய விதவை மனைவிக்கும் உண்டு.

பூர்வீகச் சொத்துக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், அதற்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டால் மகளுக்கு உண்டா இல்லையா என்று பல வருஷம் இழுபறி நடந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 ஏக்கர், அதாவது 600 செண்ட் நிலம். அப்பா உயில் எழுதாமல் 2018-இல் காலமானார். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள்.

நிலம் அப்பா சம்பாதித்தது என்றால் நாலு பேருக்கும் ஆளுக்கு 150 செண்ட்.

நிலம் பூர்வீகம் என்றால், முதலில் அப்பாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பிறகு அப்பாவின் கால் பங்கான 150 செண்ட், அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 37.5 செண்டாகப் பிரியும். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 187.5 செண்ட், அம்மாவுக்கு 37.5 செண்ட்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தா சொந்தமாக வாங்கிய நிலம், அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, வாரிசு என்ற முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. ஆகவே மூலப்பத்திரம் யார் பெயரில், எந்த வருஷம் என்று பார்க்காமல் “பூர்வீகம்” என்று வழக்கில் எழுதிவிடக் கூடாது.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியர்களுக்கு ஷரியத் முறைப்படி பங்கு. அவர்கள் உயில் எழுதினாலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

உயில் இருக்கிறது என்றால்?

உயில் செல்லுவதற்குச் சட்டம் கேட்பது அதிகம் இல்லை. எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைத்திருக்கணும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தோ, “நான்தான் போட்டேன்” என்று அவர் வாயால் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கணும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை.

ஆனால் உயில் இருப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு. பதிவு செய்த உயிலே ஆனாலும், தகராறு என்று வந்துவிட்டால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் மெய்ப்பிக்கணும். இரண்டு சாட்சியும் இறந்துவிட்டால் அவர்கள் கையெழுத்தையும் எழுதியவர் கையெழுத்தையும் தெரிந்தவர்களைக் கொண்டு காட்டணும். அப்பா படுத்த படுக்கையில் இருந்தார், லாபம் அடைந்த பிள்ளையே முன்நின்று எழுத வைத்தார், காரணமே சொல்லாமல் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டார் என்பது போன்ற சந்தேகங்கள் இருந்தால், அவற்றைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவர் தலையில்தான் விழும். 1958-இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த விதிதான் இன்றும் எல்லா உயில் வழக்குகளுக்கும் அடிப்படை.

பூர்வீகச் சொத்தில் அப்பா தன் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும். 6 ஏக்கரையும் ஒரு மகனுக்கே எழுதியிருந்தாலும், மேலே சொன்ன கணக்கில் அவருடைய 150 செண்டுக்கு மட்டும்தான் அது செல்லும்.

புரோபேட் என்றால் என்ன?

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சரிபார்த்து முத்திரை போட்டுக் கொடுப்பதுதான் புரோபேட். உயிலில் “இன்னார் இதை நிறைவேற்றி வைக்க வேண்டும்” என்று நிறைவேற்றுநர் பெயர் இருந்தால் அவர்தான் புரோபேட் கேட்க முடியும். அப்படி யாரையும் குறிப்பிடாவிட்டால், உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் கேட்டு மனுப் போடணும்.

சென்னை நகருக்குள் சொத்து இருந்தாலோ, அங்கே வைத்து உயில் எழுதியிருந்தாலோ இந்துக்கள் புரோபேட் வாங்கியே ஆகணும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அப்படிப்பட்ட உயில் என்றால் இன்றைய சட்ட நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப்புறத்தில் எழுதி, ஊர்ப்புற நிலத்தைப் பற்றியதாக இருக்கும் உயிலுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. விரும்பினால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கலாம்.

மனுவோடு அசல் உயில், இறப்புச் சான்று, சொத்து விவரமும் மதிப்பும் அடங்கிய பட்டியல், ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரம் இவையெல்லாம் போகும். நீதிமன்றம் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பும், பத்திரிகையில் அறிவிப்பும் வரலாம். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் சுலபமாக முடியும். ஆட்சேபம் வந்தால் அந்த மனுவே வழக்காக மாறிவிடும். கேட்டவர் வாதி, எதிர்ப்பவர் பிரதிவாதி. சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் சாதாரண சிவில் வழக்கு மாதிரியே நடக்கும்.

உங்களை ஒதுக்கிவிட்டு யாரோ புரோபேட் வாங்கப்போகிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், நீங்கள் முந்திக்கொண்டு கேவியட் மனுப் போட்டு வைக்கலாம். அப்போது உங்களுக்குச் சொல்லாமல் உத்தரவு போட மாட்டார்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. புரோபேட் வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது உயில் உண்மையா பொய்யா என்பதை மட்டும்தான். அந்த நிலம் அப்பாவுடையதா, பூர்வீகமா, யாருக்கு எத்தனை பங்கு என்பதை அங்கே தீர்க்க மாட்டார்கள். அதற்குப் பாகப்பிரிவினை வழக்குதான் வழி. அந்த வழக்கிலேயே உயிலையும் மெய்ப்பித்துக்கொள்ளலாம். ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

கோர்ட் படி ஏறும் முன்

உட்கார்ந்து பேசி முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பேசி முடித்ததை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். “எனக்கு வேண்டாம்ணு தங்கச்சி அன்னைக்கே சொல்லிட்டா” என்பது நீதிமன்றத்தில் நிற்காது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரம், பிரிப்பதாக இருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், இரண்டுமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் இப்படிப்பட்ட பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்போடுதான் வசூலிக்கிறார்கள். 2023 ஜூலையில் அந்த வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது. வழக்குச் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

பத்திரம் எழுதும்போது நிலத்தை மட்டும் எழுதாதீர்கள். கிணறு யாருக்கு, தண்ணீர் முறை எப்படி, மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை எந்தப் பக்கம், வரப்பு மரங்கள் யாருக்கு என்று எல்லாம் எழுதணும். நிலம் பிரிந்த பிறகு அண்ணன் தம்பி சண்டை போடுவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

பேச்சு முறிந்தால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். அந்த அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, ஒத்து வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைப்பார்கள். அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடு கிடையாது. வழக்கு போட்ட பிறகு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இவற்றை ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்:

- இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று
- மூலப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை. அசல் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம்
- வில்லங்கச் சான்று, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பழைய வருஷத்திலிருந்து
- பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம்
- தீர்வை ரசீதுகள், மின் இணைப்பு அட்டை
- உயில் இருந்தால் அதன் நகல், சாட்சிகளின் பெயரும் முகவரியும்

இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே விட்டுவிடுவோம். பட்டா பெயரில் இருப்பதாலேயே நிலம் அவருக்கு என்று ஆகிவிடாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதேபோல வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும் காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு ஒன்று. அது வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்குத்தான். நிலத்துக்கு அதை வாங்கப் போய் காலத்தை வீணாக்காதீர்கள்.

வழக்கைத் தொடங்குவது

நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் போடணும். நீங்கள் கோவையில் குடியிருந்தாலும், நிலம் மன்னார்குடியில் என்றால் வழக்கு அந்தப் பக்கம்தான். மதிப்பைப் பொறுத்து மாவட்ட முன்சீப் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்று முடிவாகும்.

முதலில் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புவது வழக்கம். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் “பங்கு கேட்டேன், தர மறுத்தார்கள்” என்பதற்கு அது ஆதாரம். சில வீடுகளில் நோட்டீஸ் போனதுமே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு அவசரமாக நிலத்தை விற்கப்போகிறது என்று தெரிந்தால் நோட்டீஸ் அனுப்பாமல் நேராக வழக்குப் போடுவதே நல்லது.

பிறகு பிராது. தமிழிலேயே தாக்கல் செய்யலாம். அதில் இவை இருக்கணும்:

1. வாதி, பிரதிவாதிகள் பெயர், வயது, முகவரி. பங்குள்ள எல்லாரையும் சேர்க்கணும். உங்களோடு ஒத்துப்போகிற அக்காவையும் விட்டுவிடக் கூடாது. ஒருவர் விடுபட்டாலும் வழக்கு நிற்காமல் போகலாம்.
2. வம்சாவளி. தாத்தாவிலிருந்து யாருக்கு யார் பிள்ளை, யார் எப்போது இறந்தார் என்பது.
3. நிலம் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்ற வரலாறு.
4. உங்கள் பங்கு எவ்வளவு, எப்போது கேட்டீர்கள், எப்போது மறுக்கப்பட்டது.
5. என்ன பரிகாரம் வேண்டும்: பாகம் பிரித்து ஒப்படைக்க வேண்டும், இடைக்காலத்தில் விற்கத் தடை வேண்டும், தேவைப்பட்டால் வருமானக் கணக்கு வேண்டும்.
6. சொத்து விவரம். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை. கிணறு, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, மரங்கள், பாதை உட்பட. குடும்பச் சொத்து எல்லாவற்றையும் சேர்க்கணும். நல்ல வயலை மட்டும் வழக்கில் காட்டி, மானாவாரிக் காட்டை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் தீர்ப்பு வந்த பிறகு அதை நிறைவேற்ற முடியாமல் அலைய வேண்டியிருக்கும். ஆகவே பிராதில் கையெழுத்துப் போடும் முன், சொத்து விவரத்தைப் புலப்படத்தோடு நீங்களே ஒத்துப்பாருங்கள். அந்த வேலையை வக்கீல் குமாஸ்தாவிடம் விடாதீர்கள்.

கட்டணம் எவ்வளவு என்பது, நீங்கள் நிலத்தில் கூட்டாக அனுபவத்தில் இருக்கிறீர்களா, வெளியே தள்ளப்பட்டீர்களா என்பதைப் பொறுத்தது. அனுபவத்தில் இருப்பவர் ஒரு சிறிய நிலைக்கட்டணம் கட்டினால் போதும். வெளியே தள்ளப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணும். 2017-இல் அந்த விகிதம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. கட்டணம் கட்டவே வழியில்லாதவர், வறியவர் என்று மனுப் போட்டு அனுமதி கேட்கலாம்.

காலக்கெடு

“எப்ப வேணா போட்டுக்கலாம்” என்று தள்ளிப் போடுவது ஆபத்து. கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து உங்களை விலக்கிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரம் ஏமாற்றி வாங்கியது என்று ரத்து செய்யக் கேட்பதானால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான்.

ஒரு ஆறுதலும் உண்டு. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் அனுபவமாகத்தான் கணக்கு. “நான் இருபது வருஷமா உழுறேன், அதனால எனக்குத்தான்” என்று அண்ணன் சொல்வது மட்டும் போதாது. உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, உங்களுக்கும் தெரிய அனுபவித்து வந்தார் என்று காட்டணும்.

இயற்கை நிலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு

இனி நமக்கே உரிய சிக்கல். வழக்கு நடக்கும் வருஷங்களில் மண்ணுக்கு என்ன ஆகும்?

சான்றிதழ் விதிப்படி, மாற்றுக்காலம் ஓராண்டுப் பயிர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. நடுவில் யாராவது ரசாயனம் அடித்துவிட்டால் எண்ணிக்கை திரும்ப ஆரம்பத்திலிருந்து. ஆகவே பிராதோடு சேர்த்தே இடைக்கால மனுக்களைப் போடச் சொல்லுங்கள்.

முதலாவது, விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை. தடை இல்லாவிட்டாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆனாலும் மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டால் தலைவலி அதிகம். உத்தரவு கிடைத்ததும் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இரண்டாவது, நீங்கள் உழுதுவரும் பகுதியில் உங்கள் அனுபவத்துக்கு இடையூறு செய்யக் கூடாது, தற்போதைய நிலையை மாற்றக் கூடாது என்ற உத்தரவு. வெறுமனே “இயற்கை விவசாயம் செய்கிறேன்” என்றால் நீதிபதிக்கு விளங்காது. சான்றிதழ், ஆய்வு அறிக்கை, பண்ணைப் பதிவேடு, மண் பரிசோதனை முடிவு, விற்பனை ரசீதுகள் இவற்றை இணைத்து, ஒருமுறை ரசாயனம் பட்டால் எத்தனை வருஷ உழைப்பு போகும் என்று மனுவில் எழுதணும். பணத்தால் ஈடு செய்ய முடியாத இழப்பு என்று காட்டுவதுதான் தடை உத்தரவுக்கு முக்கியமான அடிப்படைகளில் ஒன்று.

மூன்றாவது, அட்வகேட் கமிஷனர். நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் நேரில் வந்து கிணறு, உயிர்வேலி, மரங்களின் எண்ணிக்கை, பண்ணைக்குட்டை, பயிர் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தருவார். அவர் வரும் நாளில் நீங்கள் நிலத்தில் இருந்து ஒவ்வொன்றையும் காட்டணும். பின்னால் யாரும் வேலியைப் பிடுங்கினாலும் மரத்தை வெட்டினாலும் அந்த அறிக்கை பேசும்.

தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும்

பிரதிவாதி சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை போடணும். 90 நாள் வரை நீட்டிக்கலாம். பிறகு எழுவினாக்கள், சாட்சி விசாரணை, வாதம். முடிவில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. “உனக்கு 16-இல் 5 பங்கு” என்று அது சொல்லும். எந்த வயல் உனக்கு என்று சொல்லாது.

பலர் இங்கேயே ஜெயித்துவிட்டதாக நினைத்து நின்றுவிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணை வரும்வரை வழக்கைத் தொடரணும். அப்போதுதான் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து, யாருக்கு எந்தத் துண்டு என்று பிரித்து அறிக்கை தருவார்.

இயற்கை உழவர்கள் விழித்திருக்க வேண்டிய இடம் இதுதான். பாகம் பிரிக்கும்போது, ஒரு பங்காளி தன் உழைப்பாலும் பணத்தாலும் மேம்படுத்திய பகுதியை, மற்றவர்களுக்கு நஷ்டம் இல்லாமல் முடியுமானால் அவர் பங்கிலேயே ஒதுக்கலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நியாயம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். “நான் மேம்படுத்திய இந்தச் சர்வே எண்ணை என் பங்கில் ஒதுக்க வேண்டும்” என்று கமிஷனரிடம் எழுத்தில் கொடுங்கள். வரப்பு போட்ட செலவு, குட்டை வெட்டிய செலவு, நட்ட மரங்கள், சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுங்கள். அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால் நீதிமன்றத்தில் ஆட்சேபம் போடும் உரிமையும் உண்டு.

இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அதை வைத்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினால்தான் வேலை முடிந்தது.

விற்க நினைப்பவர் இருந்தால்

அண்ணனோ தங்கையோ தன் பங்கை விற்றே ஆகணும் என்றால் என்ன செய்வது? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இங்கே உதவும். உயில் இல்லாமல் இறந்தவர் சொத்து முதல்வகுப்பு வாரிசுகளுக்குக் கூட்டாக வந்திருக்கும்போது, அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே விலை நிர்ணயிக்கும். இந்த உரிமை விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் பாபுராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இலவசமாகக் கிடைப்பதல்ல இது. பணம் கொடுத்துத்தான் வாங்கணும். ஆனால் உங்கள் வயலுக்கு நடுவே வெளியாள் வந்து மனை போடுவதைத் தடுக்க இது நல்ல கருவி.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால்

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நிலத்தில் பங்கு மறுக்கப்பட்ட எத்தனையோ சகோதரிகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

இன்று உயிரோடு இருக்கும் நாம் செய்ய வேண்டியது

நிலம் உங்கள் பெயரில் இருந்தால் இந்த வழக்கெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க முடியும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே உயில் எழுதுங்கள். உங்களைவிட வயது குறைந்த, பங்கு பெறாத இரண்டு பேரைச் சாட்சியாக வையுங்கள். யாருக்காவது குறைத்துக் கொடுத்தால் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு செய்யுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசி உயில்தான் செல்லும்.

“இந்த நிலத்தில் ரசாயனம் போடக் கூடாது” என்று உயிலில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். முழு உரிமையோடு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதை அவர் அனுபவிக்கும் விதத்துக்குக் கட்டுப்பாடு போட்டால் அந்தக் கட்டுப்பாடு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். விருப்பமாக எழுதி வைக்கலாம், கேட்கிற பிள்ளை கேட்கும். உறுதியான வழி வேறு. எந்தப் பிள்ளை மண்ணில் இறங்கி வேலை செய்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு இயற்கையாக வைத்திருக்கும் துண்டைச் சர்வே எண் போட்டு எழுதுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு, முக்கியமாக மகள்களுக்கு, அதே மதிப்புள்ள வேறு நிலமோ வீடோ பணமோ எழுதுங்கள். யாரையும் ஏமாற்றாத உயிலை எதிர்த்து வழக்குப் போட ஆள் வருவது அரிது.

விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்காமல் யாரும் அறுவடையை முடிப்பதில்லை. நிலத்துக்கான காகிதத்தையும் அப்படியே எடுத்து வையுங்கள். இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், அதைச் சரிசெய்ய அப்பா உயிரோடு இருக்கும் காலம்தான் நல்ல காலம்.